மரநாய் வாங்கிய அடிகள்

இது லக்கேஜ் இல்லை, அம்மிணி. கண்டக்டரும் அதையேதான் கேட்டார். மடியில் வைத்துக்கொள்கிற அளவுதான். உள்ளே ஒரு கப்பு இருக்கிறது. காபி குடிக்கிற கப்பு இல்லை. பந்தயத்தில் ஜெயித்தால் கொடுப்பார்களே, அந்தக் கப்பு. நான் ஜெயிக்கவில்லை. எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தேன். ஆனாலும் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். திருப்பூர் போகிற வரைக்கும் நேரம் இருக்கிறது. இப்போதுதான் ஹோப் காலேஜ் தாண்டியிருக்கிறோம்.

ஒன்றே ஒன்று. நான் பேசுகிறபோது நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒருத்தர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங்கில் இருந்தேன். பனியனில் ஓட்டை, கறை தேடுகிற, குனிந்த தலை நிமிராத வேலை. எதிர் டேபிளில் இருந்தவளுக்கு எந்தப் பக்கம் மூக்குத்தி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் கை தெரியும். சுண்டுவிரலில் ஒரு தழும்பு. அவ்வளவுதான் எனக்கு அவளிடம் பழக்கம்.

பஸ்ஸில் இரண்டு பேரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். அதனால் பேச்சு வருகிறது. கம்ப்யூட்டர் இதைவிட வசதி. அங்கே நம் முகமே தேவையில்லை.

என் மகன் பெங்களூரில் இருக்கிறான். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டான். அதில் ஒரு பொம்மைக் கார் ரேஸ் இருந்தது. சும்மா ஓட்டிப் பாருங்கம்மா என்றான். நான் ஆயுசில் டிவிஎஸ் ஃபிஃப்டி கூட ஓட்டியதில்லை. பின்னால் உட்கார்ந்து போனதுதான். ஓட்டிப் பார்த்தேன். விட முடியவில்லை. ரோட்டில் அங்கங்கே பெட்டி தொங்கும். இடித்தால் கைக்கு ஏதாவது வரும். தக்காளி வந்தால் அடுத்தவன் முகத்தில் எறியலாம். வாழைப்பழத் தோல் வந்தால் பின்னால் வருகிறவனுக்குப் போட்டுவிட்டுப் போகலாம். குண்டு வந்தால் முன்னால் போகிறவனைத் தூக்கி அடிக்கலாம். வேகமாகப் போவது பாதி, அடிப்பது பாதி. அதுதான் விளையாட்டு.

இந்த விளையாட்டை ஆடிக்கொண்டே இன்டர்நெட்டில் லைவ் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலே ஒரு கூட்டம் தன் முகத்தைக் காட்டாது. முகத்துக்குப் பதிலாக ஒரு பொம்மை இருக்கும். நாம் வாயைத் திறந்தால் பொம்மை வாயைத் திறக்கும். நாம் கண்ணை மூடினால் அது மூடும். என் மருமகள் சிந்துஜாவுக்கு அந்தப் பொம்மைகளை வரைந்து கொடுப்பதுதான் தொழில். யாரோ ஒரு பையன் மரநாய் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டு, வரைந்து முடித்தபின் வேண்டாம் என்றுவிட்டான். இடது காது கொஞ்சம் தாமதமாக அசைகிறதாம். எங்கள் ஊரில் அதைச் செகண்ட்ஸ் என்போம். செகண்ட்ஸ் பனியனைத்தான் நாங்கள் வீட்டில் போடுவது. நான் அதை வாங்கிக்கொண்டேன். மரநாய் மாணிக்கம் என்று பெயர் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். ஆம்பளைப் பெயர். குரலையும் ஆம்பளைக் குரலாக மாற்ற ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தேன். தினமும் காலை பதினொரு மணிக்கு, எங்கள் வீட்டுக்காரரைக் குளிக்கவைத்து உட்காரவைத்த பிறகு. சராசரியாக நாற்பத்துமூன்று பேர் பார்ப்பார்கள். அதில் ஒன்று மகன், ஒன்று மருமகள். ஒன்று எங்கள் வீட்டு டிவி. அவர் ரிமோட்டில் எதையோ மாற்றி அழுத்திவிடுகிறார் போலிருக்கிறது. நான் லைவ் முடித்து வெளியே வந்தால் டிவியில் மரநாய் நின்றுகொண்டிருக்கும். பாவம், சேனல் மாற்றத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு வலது பக்கம் வராது. ஐந்து வருஷம் முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கேரம் போர்டில் அவரை அடிக்க எங்கள் வட்டாரத்தில் ஆள் இல்லை. மூன்று கப்பு டிவிக்கு மேலே இருக்கிறது. கல்யாணமான புதிதில் என்னோடு ஆடுவார். புதுப் பெண்டாட்டி என்று ஒரு காய் விட மாட்டார். நான் கண்ணைக் கசக்கினாலும் விட மாட்டார். இருபத்தைந்து வருஷத்தில் நான் அவரை ஜெயித்தது நாலே நாலு ஆட்டம். நாலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியாக ஜெயித்தது ஒரு கார்த்திகை தீபத்தன்று. சிவப்பைப் போட்டு, அதன் பின்னாலேயே இன்னொரு காயை ஃபாலோவும் போட்டு ஜெயித்தேன். அன்றைக்கு வாசலில் விளக்கு வைக்கப் போகிறபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சரி, அது எதற்கு இப்போது. பந்தயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை வருஷா வருஷம் பந்தயம். தமிழில் பேசுகிற பொம்மைக்காரர்கள் மட்டும். பதினாறு பேர். எட்டு எட்டாக இரண்டு குழு, குழுவுக்கு நாலு ரேஸ். குழுவில் முதல் நாலு பேர் ஃபைனலுக்குப் போவார்கள். ஃபைனலில் ஆறு ரேஸ். இதை நடத்துகிறவர் கரடி. கோயமுத்தூர்க்காரப் பையன். நிஜப் பெயர் தெரியாது. அவர் கரடி பொம்மை, அதனால் கரடி. யாருக்கும் யார் பெயரும் தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்தது.

முதல் வருஷம் போனேன். நாலு ரேஸில் இருபத்துமூன்று அடி வாங்கினேன். குழுவில் கடைசி. அதிலே ஓணான் என்று ஒருத்தி. மதுரைப் பக்கம். பச்சை ஓணான் பொம்மை, நாக்கு இவ்வளவு நீளம். பொம்மை நாக்கைச் சொல்லவில்லை, அவள் நாக்கைச் சொல்கிறேன்.

"ஏய் மரநாயி! மரத்துல ஏறுறத விட்டுட்டு ரோட்டுல என்னடா வேல? இந்தா, வாங்குடா!"

குண்டு விழும். வண்டி மூன்று குட்டிக்கரணம் போடும். "சரிங்க" என்பேன். ஆம்பளைக் குரலில் "சரிங்க" என்று கேட்கும். அதற்கும் சிரிப்பாள்.

"பாருங்கடா, அடிச்சா சரிங்கங்குது!"

உங்களுக்கு இது அவமானமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அறுபது வயசு வரைக்கும் என்னை யாரும் எதிராளி என்று நினைத்ததில்லை. வழியில் நின்றால் தள்ளி நில் என்பார்கள். அவ்வளவுதான். இங்கே ஒருத்தி என்னை முந்திவிடக் கூடாதே என்று பயந்து, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடிக்கிறாள். ஆளை ஆளாக மதிக்கிறவள்தானே அடிப்பாள்? நான் ஒரு வருஷம் பழகினேன். இரண்டாவது வருஷம் ஃபைனலுக்கே போய்விட்டேன். பத்து ரேஸில் முப்பத்தெட்டு அடி. ஆறாவது வந்தேன். ஓணான் நாலாவது.

"அடுத்த வருஷம் ஒன்ன உரிச்சுத் தொங்க விடுறேன் பாரு" என்றாள்.

"சரிங்க" என்றேன். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

அடுத்த வருஷம்தான் அந்தக் காரியம் நடந்தது. போன வருஷம். குழுவில் இரண்டு ரேஸ் முடிந்தது. ஒன்பது அடி வாங்கியிருந்தேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனில் எப்போதும் போகாது, அன்றைக்குப் போனது. கரடி பத்து நிமிஷம் காத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார். நல்ல பையன். கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். ரேஸ் வந்தது. மரநாய் வந்தது. எல்லாம் வந்தது என்று நினைத்தேன். குரலை மாற்றுகிற சாஃப்ட்வேர் மட்டும் தானாக வராது, அதைத் தனியாகப் போட வேண்டும். நான் போடவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? என் காதில் என் குரல் எப்போதும் என் குரலாகத்தானே கேட்கிறது.

மைக் போட்டிருக்கிறது. நான் உள்ளே பார்த்துச் சத்தம் போடுகிறேன்.

"ஏனுங், மாத்திரை போட்டாச்சா? வெந்நீர் ஃப்ளாஸ்க்கிலே இருக்குதுங். ஒரு கையிலே தெறக்காதீங்க, நான் வாரேன்!"

பதினைந்து பேரும் கேட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் கேட்டார்கள். பிறகு ஓணான் மெதுவாகக் கேட்டாள்.

"மரநாயி... நீங்க... அம்மாவா?"

அந்த "நீங்க"தான், அம்மிணி. அதோடு முடிந்தது.

மூன்றாவது ரேஸ் ஆரம்பித்தது. எனக்கு ஒரு அடிகூட விழவில்லை. நாலாவது ரேஸ், ஒன்றும் இல்லை. ஃபைனலில் ஆறு ரேஸ், ஒன்றும் இல்லை. எட்டு ரேஸ், ஒரு தக்காளி இல்லை, ஒரு தோல் இல்லை. வளைவுக்கு வளைவு வண்டிகள் ஓரம் கட்டி எனக்கு வழி விடுகின்றன. ஆம்புலன்ஸ் போகிற மாதிரி நான் போகிறேன். "அம்மா, பாத்துப் போங்கம்மா." "அம்மா, அங்க தோல் கெடக்கு, சுத்திப் போங்க." அந்தத் தோலைப் போட்டதே அவன்தான். எனக்கே வழி சொல்கிறான்.

மூன்றாவது பரிசு கொடுத்தார்கள். கரடி பேசுகிறார்: "இந்த வயசுலயும் இவ்ளோ அருமையா ஓட்டுற நம்ம மரநாய் அம்மாவுக்கு எல்லாரும் கை தட்டுங்க." தட்டினார்கள். என் விலாசம் கேட்டு வாங்கி, பரிசுத் தாளைச் சட்டம் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள். நான் அதைக் கட்டிலுக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

எனக்கு முதலில் சந்தேகம்தான். நன்றாக ஓட்டிவிட்டோமோ என்னவோ. பந்தயத்தின் ரெக்கார்டைப் போட்டுப் பார்த்தேன். செக்கிங் வேலை பார்த்த கண்ணுக்கு அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஐந்தாவது ரேஸ், கடைசி வளைவு. ஓணான் கையில் குண்டு இருக்கிறது. நான் நேர் முன்னால் இருக்கிறேன். கண்ணை மூடி எறிந்தாலும் என் மேல்தான் விழும். அவள் வண்டியைத் திருப்பிக் குண்டைச் சுவரில் எறிகிறாள். சுவரில், அம்மிணி. வேண்டுமென்றே. ஓட்டைப் பனியனுக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற மாதிரி. அப்படி அனுப்பினால் எங்கள் கம்பெனியில் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கரடிக்கு மெசேஜ் போட்டுச் சொன்னேன். என்னை யாரும் அடிப்பதில்லை, இது முறையில்லை என்று. "அப்படியெல்லாம் இல்லீங்கம்மா, நீங்க சூப்பரா ஓட்டுறீங்க" என்று பதில் வந்தது. கீழே கும்பிடுகிற கை ஒன்று. ஓணானுக்கும் சொன்னேன். "ஐயோ அம்மா, ஒங்கள எப்புடிம்மா அடிக்கிறது" என்றாள். எப்படி அடிப்பது என்று அவளுக்குத் தெரியாதாம். இரண்டு வருஷம் அடித்தவள்.

அந்த வருஷம் பூராவும் இதே பாடுதான். பழகுகிற ஆட்டத்திலும் வழி விடுவார்கள். ஒரு மனுஷியை உட்காரவைத்து, நீ ஜெயித்தாய் ஜெயித்தாய் என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? எவ்வளவு அலட்சியம் இருந்தால் அப்படிச் செய்வார்கள்? நான் வீட்டில் புலம்பாத நாள் இல்லை. அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே புலம்புவேன். "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாங்க பாருங்க. கையைப் பாத்தாலே தெரியாதா, உண்மையா ஆடறாங்களா, விட்டுக் குடுக்கறாங்களான்னு?" அவர் சோற்றை மென்றுகொண்டே என்னைப் பார்ப்பார். ரொம்ப நேரம் பார்ப்பார். என்ன புரிந்ததோ.

அவரும் அந்தச் சமயத்தில் சரியில்லை. இடது கையால் கேரம் ஆடினால் கைக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் ஆனால் போர்டைப் போடுவேன். அவருக்கு இடது கை இன்னும் படியவில்லை. ஸ்ட்ரைக்கர் எங்கெங்கோ போகும். தோற்றால் மனசு உடைந்துபோகுமே என்று நான்தான் பார்த்துப் பார்த்துத் தோற்பேன். அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். பாக்கெட் வாயில் நிற்கிற காயை ஒரு நூல் தள்ளி விட வேண்டும். ரொம்பத் தள்ளினால் தெரிந்துவிடும். சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோவைக் கோட்டை விட வேண்டும். நடுவில் ஒன்றிரண்டை உண்மையாகவும் போட வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். அப்படி அவருக்குப் பதினோரு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தேன். வரிசையாக.

பன்னிரண்டாவது ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கரைத் தூக்கி எறிந்துவிட்டார். ஃப்ரிட்ஜில் பட்டு ஒரு பொட்டு பெயின்ட் போய்விட்டது.

"நீ ஆடறதில்ல" என்றார்.

"ஆடிட்டுத்தானே இருக்கறேன்?" என்றேன்.

"ஆடறதில்ல."

அதோடு எழுந்துவிட்டார். நாலு மாசம் போர்டைத் தொடவில்லை. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் கோபம் வரும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். நான் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஜெயிக்கிறபோதே இவ்வளவு கோபம் வந்தால், தோற்றால் என்ன செய்வாரோ என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நீலாம்பூர் தாண்டிவிட்டோமா? ஆமாம், பாலம் தெரிகிறது.

இந்த வருஷம் கரடி ஒரு ஏற்பாடு செய்தார். எல்லோரும் கோயமுத்தூருக்கு நேரில் வர வேண்டும் என்று. நான் வரவில்லை என்று சொல்லத்தான் இருந்தேன். நேரில் போனால் இன்னும் மோசமாகும். நாற்காலி எடுத்துப் போடுவார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். ஆனால் ஒரு யோசனை. இந்த ஒரு வருஷம் போவது. அங்கேயும் யாரும் என்னை அடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுவது. மரநாயை மருமகளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிடுவது. அவரிடமும் சொன்னேன். "அடிக்கலைன்னா இதோட சரிங்க. இனி மரநாய் இல்லை."

பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு வேடிக்கை. காய் வாங்கக் கடைக்குப் போனவள் போனை வீட்டிலேயே விட்டுவிட்டேன். வந்து பார்த்தால் அதிலிருந்து கரடிக்குப் போன் போயிருக்கிறது. இருபத்திரண்டு நிமிஷம். என் போனில் கரடி நம்பருக்குக் கரடி படம்தான் போட்டிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் கை பட்டிருக்கிறது போல. கேட்டேன். சுவரைப் பார்த்தார். பாவம் அந்தக் கரடிப் பையன், இருபத்திரண்டு நிமிஷமும் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்திருப்பான். நல்ல குணம், கட் பண்ணவே இல்லை பாருங்கள்.

இன்று காலையில் பக்கத்து வீட்டுக் கோகிலத்திடம் அவரை விட்டுவிட்டு வந்தேன். ஒரு கல்யாண மண்டபத்து டைனிங் ஹாலில் பந்தயம். பதினாறு அறை மாதிரி திரை கட்டியிருந்தார்கள். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியக் கூடாது என்பதால் ஒவ்வொருத்தராகத்தான் உள்ளே விட்டார்கள். எல்லோருக்கும் முகமூடி. எனக்கு ஒன்பதாம் நம்பர் திரை. உள்ளே கம்ப்யூட்டர், நாற்காலி, தண்ணீர் பாட்டில். வெளியே பெரிய ஸ்கிரீனில் பொம்மைகள் மட்டும். பார்க்க வந்தவர்கள் அந்தப் பக்கம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கல்யாணமே இப்படி நடத்தலாம்.

குரல் மாற்றுகிற சாஃப்ட்வேரை இந்த வருஷம் போடவில்லை. ஊருக்கே தெரிந்த பிறகு எதற்கு.

முதல் ரேஸ். பச்சை விளக்கு. கிளம்பினேன். முதல் வளைவில் எல்லோரும் ஓரம் கட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் பச்சை ஓணான் வருகிறது. கையில் தக்காளி. சுவரில்தான் எறியப் போகிறாள் என்று நான் சுவரைப் பார்க்கிறேன்.

"ஏய் மரநாயி! மாத்திர போட்டாச்சா? இந்தா, இதயும் போட்டுக்க!"

என் ஸ்கிரீன் பூராவும் சிவப்பு. ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குண்டு. வண்டி குட்டிக்கரணம் போடுகிறது. இறங்குகிற இடத்தில் தோல். வழுக்கிப் போய்ச் சுவரில் முட்டினால் அங்கே இன்னொருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான்.

"வாங்க வாங்க, வெந்நீர் ஃப்ளாஸ்க்ல இருக்குது!"

ஹால் பூராவும் சிரிக்கிறது. முதல் ரேஸில் ஆறு அடி. தண்ணீர் குடித்தேன். மைக்கில் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க" என்றேன்.

பிறகு நானும் விடவில்லை. அடிக்கிறவர்களை அடிக்கலாம், வழி விடுகிறவர்களை எப்படி அடிப்பது? அதனால் போன வருஷம் என் கை கட்டியிருந்தது. இந்த வருஷம் அவிழ்த்துவிட்டார்கள். குழுவில் நாலாவது வந்தேன். ஒரே ஒரு பாயின்டில் ஃபைனலுக்குப் போனேன். அந்த ஒரு பாயின்ட் யாரும் கொடுத்தது இல்லை. ரெக்கார்டைப் பார்க்காமலே சொல்வேன்.

ஃபைனலில் கடைசி ரேஸ். முதலில் ஓணான், இரண்டாவது நான். பெட்டியை இடித்தேன். குண்டு வந்தது. மூன்று வருஷமாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். அடித்தேன். பச்சை வண்டி ஆகாசத்துக்குப் போனது.

"அடிப்பாவி!" என்றாள்.

"அம்மா" போய்விட்டது, "நீங்க" போய்விட்டது. அடிப்பாவி. இன்றைக்கு மைக்கில் விழுந்ததிலேயே அதுதான் நல்ல வார்த்தை.

அதற்கப்புறம் நான்தான் முதலில் போனேன். அரை ரவுண்டு போனேன். முதலில் போகிறவனைத்தானே எல்லோரும் அடிப்பார்கள்? மூன்று பக்கமும் விழுந்தது. அந்த ரேஸில் ஆறாவது, மொத்தத்தில் ஏழாவது. கோட்டைத் தாண்டிய பிறகும் யாரோ ஒரு தக்காளி எறிந்தார்கள்.

முதல் மூன்று பேருக்கும் பரிசு கொடுத்த பிறகு கரடி சொன்னார். "இந்த வருஷம் புதுசா ஒரு கப்பு. அதிகமா அடி வாங்குன வண்டிக்கு. நாப்பத்தொரு அடி. மரநாய் அம்மா!" திரைக்கு அடியால் பெட்டியைத் தள்ளினார்கள்.

நான் மைக்கைப் போட்டேன். "நாப்பத்திரண்டுங்க" என்றேன். "கோட்டைத் தாண்டுனதுக்கப்பறம் ஒண்ணு விழுந்துதுங்க. அதை விட்டுட்டீங்க."

கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டுதான். கப்பில் ஒட்டியிருந்த தாளில் பேனாவால் திருத்திக் கொடுத்தார்கள். பிறகு காட்டுகிறேன், பஸ் நின்றதும்.

கிளம்புகிறபோது கரடி திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "ஐயாகிட்ட சொல்லிருங்கம்மா. அவரு சொன்னபடியே செஞ்சுட்டம்னு." எந்த ஐயாவோ. மண்டபத்துக்காரராக இருக்கும். நான் அவரைப் பார்க்கவே இல்லை, எங்கே போய்ச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். திரைக்கு அந்தப் பக்கம் அது தெரிந்திருக்காது.

அப்புறம் ஒரு கை உள்ளே வந்தது. திரை இடுக்கு வழியாக. விரல் நகத்தில் பச்சைப் பாலிஷ். உள்ளங்கையில் ஒரு கடலை மிட்டாய்.

"வலிச்சுச்சா?" என்று குரல்.

"இல்லைங்க" என்றேன்.

"அடுத்த வருசம் வலிக்கும்."

மிட்டாயை எடுத்துக்கொண்டேன். இந்தாருங்கள், பாதி உங்களுக்கு. பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். மீதி அவருக்கு வைத்திருக்கிறேன். ஊறவைத்துக் கொடுத்தால் சாப்பிடுவார்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் கோகிலத்துக்குப் போன் போட்டேன். அவர் கையில் கொடுத்தாள்.

"எத்தன?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஜெயித்தாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"நாப்பத்திரண்டுங்க."

சிரித்தார், அம்மிணி. ஸ்ட்ரோக் வந்த பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். கோகிலம் போனை வாங்கிச் சொன்னாள். மத்தியானம் அவரே கேரம் போர்டைக் கேட்டு வாங்கினாராம். இடது கையாலேயே காய் அடுக்கினாராம். பத்தொன்பது காயும். ஒரு மணி நேரம் ஆனதாம். "அக்கா வந்தா நேரா போர்டுல வந்து உக்காரோணுமாம்" என்றாள்.

நாலு மாசத்துக்குப் பிறகு அவரே கூப்பிடுகிறார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது. போனதும் கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இன்றைக்கு எப்படியாவது அவரை ஜெயிக்க வைத்துவிட வேண்டும். சாதாரணமாக இல்லை. சிவப்பை அவருக்கென்றே பாக்கெட் வாயில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். முன்னைவிடப் பக்குவமாகச் செய்ய வேண்டும், அவருக்கு ஒரு துளியும் தெரியக் கூடாது. பாவம், அவருக்கும் ஒரு சந்தோஷம் வேண்டும் இல்லையா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஜன்னலைப் பாருங்கள் என்று சொன்னேனே.